ராட்சசி நலம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாயாடி எழுதுகிறேன். விடுதிச் சாப்பாட்டைத் தின்றும் உயிரோடு இருக்கிறேன், அதனால் நான் நலம்தான். நீ எப்படி இருக்கிறாய்? அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் இன்னமும் நைட் டியூட்டிதானா? முக்கியமாக, ராட்சசி எப்படி இருக்கிறாள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று என் அறைத்தோழி தூங்குமூஞ்சி கேட்டாள். "எங்க அண்ணன் போனை எடுத்தா ஹலோவுக்கு முன்னாடி மாவுதான் கொட்டும்" என்றேன். நீ விழித்திருக்கும்போது நான் தூங்குகிறேன். நான் ஆய்வகத்தை விட்டு வரும்போது நீ குறட்டை விடுகிறாய். நம் இரண்டு பேருக்கும் தபால்காரர்தான் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். சிரிக்காதே. போன விடுமுறையில் உன் பேக்கரியிலிருந்து ராட்சசியில் ஒரு கரண்டி எடுத்து வந்தேன் அல்லவா? நீ தினமும் அவளில் ஒரு பங்கை எடுத்து ரொட்டி மாவில் கலந்து, மிச்சத்துக்கு மாவும் தண்ணீரும் ஊட்டி, ஜாடியில் வைத்து சீராட்டுகிறாயே, அந்தப் புளித்த மாவுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பிரித்துவிட்டேன். மூன்று பேர். ஒரு ஈஸ்ட், இரண்டு பாக்டீரியா.

இதில் ஈஸ்ட்தான் விசேஷம். மாவில் மால்ட்டோஸ் என்று ஒரு சர்க்கரை உண்டு. கடையில் பாக்கெட்டில் விற்கிற ஈஸ்ட் அதைக் கண்டால் விடாது. உன் ராட்சசியின் ஈஸ்ட் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் பாக்டீரியாவுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, தனக்கு வேறு சர்க்கரை தேடிக்கொள்கிறது. அதனால்தான் ஒரே ஜாடிக்குள் இத்தனை வருடம் சண்டை இல்லாமல் இருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடச் செய்யாத காரியம்! சோதனை சுலபம். மால்ட்டோஸ் கரைசலுக்குள் ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகப் போட்டு ஈஸ்ட்டை விடுவேன். சர்க்கரையைத் தின்றால் காற்று வந்து குட்டிக் குழாயில் சேரும். நம் ஆளுக்குக் காற்றே வரவில்லை. மூன்று பேரையும் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, ஆய்வகக் குளிர்பெட்டியில் தூங்க வைத்திருக்கிறேன்.

ஆனால் ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் எங்கள் மேடம் லேசில் மசிகிற ஆள் இல்லை. "ஒரு தடவை வந்தா அது முடிவு இல்லம்மா. அதே ஜாடியிலிருந்து புதுசா ஒரு சாம்பிள் வரவழை. அதுலயும் இதே ஆள் இருந்தா கையெழுத்துப் போடறேன்" என்கிறார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் இல்லை. ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் இந்த வருடம் எனக்குப் பட்டம் இல்லை. ஏப்ரல் கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஆகவே உடனே ஒரு பாட்டில் ராட்சசியை அனுப்பி வை.

போன வாரம் அம்மா இங்கே வந்திருந்தாள். ஜன்னல் கம்பி, தூங்குமூஞ்சியின் வாளி, எதிர் அறைக்காரியின் செருப்பு எல்லாவற்றையும் கழுவினாள். என் ஆய்வகக் கோட்டில் இருந்த சாயக்கறையைத் தேய்த்ததில் கறையோடு பாக்கெட்டும் போய்விட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் வாயாடி

ஜனவரி 20

எங்கள் வீட்டு விஞ்ஞானிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நான் நலம், அடுப்பு நலம், ராட்சசி கொழுகொழுவென்று இருக்கிறாள். நேற்று மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அலமாரியெல்லாம் வழிந்து வைத்தாள். நீ அவளுடைய உள்வீட்டு விவகாரத்தையெல்லாம் ஊருக்குச் சொல்கிறாய் என்று கேள்விப்பட்டிருப்பாள் போல.

அண்ணிதான் நலம் இல்லை. ஆஸ்பத்திரிப் படியில் கால் பிசகி, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பத்து வருடமாக மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டவள் இப்போது தன் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு எனக்கு உத்தரவு போடுகிறாள். ஒத்தாசைக்கு அம்மா வந்திருக்கிறாள். வந்த அன்றே மேல் அலமாரிப் பாத்திரங்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. கடையின் ரொட்டித் தட்டுகளைக் கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்று கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை எங்கள் தபால்காரருக்குப் படித்துக் காட்டினேன். தினமும் ஒரு ரொட்டி வாங்குகிறவர், அவருக்கும் பங்கு உண்டு. "ஓ, அந்த ருசிக்கு ஒரு ஈஸ்ட்டோட பெருந்தன்மைதான் காரணமா?" என்று கேட்டுவிட்டு, இரண்டாவது ரொட்டியும் வாங்கிப் போனார். நீ படிக்கிறதால் எனக்கு வியாபாரம்.

கடை ஆரம்பிக்கும் முன்பு நான் அவளை உருவாக்கியதை நீ பார்த்திருக்கிறாய். ஒரு கை மாவு, திராட்சைத் தோல், தண்ணீர். நாலு முறை பூசணம் பிடித்து, ஐந்தாம் முறை பிழைத்தாள். அவள் இல்லாவிட்டால் நம் பேக்கரியும் தெருமுனைப் பேக்கரியும் ஒன்றுதான். அதனால் உன் மேடத்திடம் தைரியமாகச் சொல், அடுத்த வாரம் பாட்டில் வந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணன்

பிப்ரவரி 17

தங்கைக்கு,

நலம். நீ அனுப்பிய இரண்டு நினைவூட்டல்களும் வந்தன. வேலை அதிகம், அதனால்தான் தாமதம். பாட்டில் இதனுடன் வருகிறது. அண்ணியின் கால் தேறிவிட்டது. அம்மா ஊருக்குப் போய்விட்டாள்.

ராட்சசி நலம்.

நன்றாகப் படி.
அண்ணன்

மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்பு நலம், மண்டை காய்கிறது. நீங்கள் எல்லோரும் சௌக்கியமா? அது என்ன கடிதம், மின்கட்டண ரசீது மாதிரி? ஒரு கிண்டல் இல்லை, ஒரு வம்பு இல்லை. உடம்புக்கு ஏதாவதா?

பாட்டில் வந்தது. திறந்ததும் மூக்கில் ஒரு சின்ன உறுத்தல். புளிப்பு இருந்தது, ஆனால் ராட்சசியின் புளிப்பு இல்லை. பயண அலுப்பு என்று நினைத்து, தட்டுகளில் பூசி வளர்த்து, மால்ட்டோஸ் குழாய்களில் விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் அத்தனை குட்டிக் குழாயிலும் காற்று! ஒன்றுவிடாமல்! விட்டுக்கொடுக்கிற ஈஸ்ட் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன், அது இங்கே விருந்து சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் தூங்குமூஞ்சி மேல் பாய்ந்தேன். அவள் ஆய்வக வாசலில் நின்று பன் தின்கிறவள். "என் பன்னுல இருந்து பறந்து வந்து உன் குழாய்க்குள்ள உட்கார்ந்துச்சா?" என்று கண்ணைக் கசக்கினாள். பாவம்தான், மன்னிப்புக் கேட்டேன். திரும்ப முதலிலிருந்து செய்தேன். விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு செய்தேன். திரும்பவும் காற்று.

மேடம் குழாய்களைத் தூக்கிப் பார்த்தார். "எங்கயோ கை தவறி வேற ஈஸ்ட் கலந்திருக்கு. அப்படியே எழுதிக் கொடுத்துடு, பாஸ் போட்டுடலாம்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் என் கை தவறவில்லை, அண்ணா. எனக்கு வாய்தான் நீளம், கை சுத்தம். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு வாங்குகிற பாஸ் எனக்கு வேண்டாம்.

நீ ஏதாவது மாற்றினாயா? வேறு ஆலை மாவா? வேறு தண்ணீரா? யோசித்து எழுது. மார்ச் முடிவதற்குள் எனக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு.
வாயாடி

மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தலைவலி இருந்தால் கண்ணைச் சோதித்துப் பார். உடம்புதான் முக்கியம்.

மாவு மாறியிருக்கலாம். வெயில் காலமும் வந்துவிட்டது. எனக்கென்ன தெரியும், நான் படித்தவனா? ஈஸ்ட் ஏதோ ஒரு சர்க்கரையைத் தின்றால்தான் என்ன, பசி எல்லோருக்கும் உண்டு. மேடம் சொல்கிறபடி எழுதிக் கொடுத்துப் பாஸ் வாங்கிவிடேன். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தபால்காரர் உன்னை விசாரித்தார். ரொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

மார்ச் 22

அண்ணாவுக்கு,

நீ நலமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

"பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். என் அண்ணனா இது? வங்கி வேலைக்குப் போ என்று அப்பா தலைகீழாக நின்றபோது அடுப்பைக் கட்டிக்கொண்டு பேக்கரி வைத்த ஆள், எனக்கு அடக்கம் சொல்லித் தருகிறான்! உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் உடம்பை விசாரித்திருக்கிறாய், ராட்சசியை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. தபால்காரர் ரொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த மனுஷன் ரொட்டியைப் பற்றிப் பேசாமல் இருந்த நாள் உண்டா?

கடைத்தெருவுக்குப் போய் பாக்கெட் ஈஸ்ட் வாங்கி வந்தேன். நீ அனுப்பியதையும் பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தேன். எல்லாச் சர்க்கரையிலும் ஒரே மாதிரி. தட்டில் ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே வேகம். நுண்ணோக்கியில் உன் மாவைத் தேடித் தேடிப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக ஈஸ்ட் இருக்கிறது, குச்சி குச்சியாக இருக்க வேண்டிய பாக்டீரியா பேருக்குத்தான் அங்கொன்றும் இங்கொன்றும். இந்த நாலைந்து பேரை வைத்துக்கொண்டு மாவு அவ்வளவு புளிக்காது. புளிப்பை யார் கொண்டு வந்தது? வினிகர்தானே? எத்தனை ஸ்பூன் விட்டாய்?

என் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து பொய் சொல்லியிருந்தால்கூட ஏமாந்திருப்பேன். நீ குழாய்க்குள் பொய்யை விட்டு அனுப்பினாய், அண்ணா, அது மிதந்துவிட்டது.

கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. என் கையைச் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் தூங்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி இருக்கிறது. நேராகவே கேட்கிறேன். ராட்சசி செத்துப் போய்விட்டாளா?

வாயாடி

ஏப்ரல் 1

என் கண்ணுக்கு,

ஆமாம், செத்துப் போய்விட்டாள். முட்டாள்கள் தினத்தில் எழுதுகிறேன், அதுவும் பொருத்தம்தான்.

உனக்குப் பாட்டில் அனுப்ப இருந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. பிசைந்து வைத்தது எல்லாம் முந்தின நாளே வெந்து விற்றுப் போயிருந்தது. மாவு மூட்டை எடுத்துவர ஆலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கடைக்குப் பின்கட்டுச் சமையலறை கண்ணைக் கூசுகிறது. ஜன்னலோரத்தில் ராட்சசியின் ஜாடி தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறது, கண்ணாடிக்கடையில் வைத்த மாதிரி.

"கெட்டுப்போன மாவை யாருப்பா இப்படி மூடி வச்சது? திறந்தா குப்புன்னு நாத்தம்! கொதிக்கிற தண்ணியை ஊத்தி நல்லாத் தேய்ச்சுட்டேன்" என்றாள் அம்மா. நெற்றியெல்லாம் வேர்வை, முழங்கை வரை நுரை, முகத்தில் அவ்வளவு திருப்தி. முக்காலியில் கால் நீட்டியிருந்த அண்ணி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போ.

எப்படிச் சொல்வது? தன் வீட்டைப் போட்டுவிட்டு, வலிக்கிற முட்டியோடு நமக்காக வந்து நிற்கிறவள். "நீ என் கடையையே கழுவி ஊத்திட்டே"ன்னு சொன்னால் அப்புறம் என் வீட்டில் ஒரு டம்ளரைத் தொடுவாளா?

புதிதாக ஒன்றை வளர்க்கப் பார்த்தேன். இரண்டு முறை பூசணம் பிடித்தது. மூன்றாவது பிழைத்தாலும் அது அவள் இல்லை, வேறு யாரோ. இப்போது பாக்கெட் ஈஸ்ட்டில்தான் சுடுகிறேன். உப்பத்தான் செய்கிறது. தபால்காரர் ஒரு நாள் கேட்டார், "என்னப்பா, ரொட்டிக்கு உன்மேல ஏதாவது கோபமா?" மறுநாளிலிருந்து அவர் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் வலிக்கிறது. வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உனக்கு அனுப்ப ஒன்றும் இல்லாமல் தவித்தேன். மாவு என்றால் மாவுதானே, நுண்ணோக்கியில் எல்லாம் புள்ளியாகத்தானே தெரியும் என்று நினைத்துவிட்டேன். இரண்டு ஸ்பூன் வினிகர். உன் படிப்பைக் காப்பாற்றுவதாக நினைத்து அதற்கே உலை வைத்தேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் மேடத்துக்கு நானே எழுதட்டுமா?

ஒன்றே ஒன்று. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அண்ணன்

ஏப்ரல் 12

மக்கு அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் எல்லோரும்!

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அப்புறம் வினிகரை நினைத்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது பொறி தட்டியது. ஜனவரியிலேயே உனக்கு எழுதியிருக்கிறேன், நீ படித்துவிட்டுத் தபால்காரருக்கும் படித்துக் காட்டியிருக்கிறாய், ஒரு ஆளுக்கும் உறைக்கவில்லை. எனக்கே உறைக்கவில்லை என்பதுதான் பெரிய கேவலம். மூன்று பேரையும் குளிர்பெட்டியில் தூங்க வைத்திருக்கிறேன் என்று எழுதினேனே! அம்மா கழுவியது ஜாடியைத்தான். குடித்தனக்காரர்கள் மூன்று பேரும் எங்கள் ஆய்வகத்தில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள்!

ஓடிப்போய் எடுத்தேன். மூன்று பேரையும் எழுப்பி, தனித்தனியாக ஊட்டி, ஒரே ஜாடியில் மாவும் தண்ணீரும் போட்டுக் குடியேற்றினேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் ஓரத்தில் நாலைந்து குமிழி. நான் விடாமல் ஊட்டினேன். மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் மூடி ஒரு பக்கம், ஜாடி ஒரு பக்கம், இன்குபேட்டர் தட்டெல்லாம் வழிந்து கிடக்கிறது. மூக்கை வைத்தேன். அதே வாசனை, அண்ணா! உன் கடையின் பின்கதவைத் திறந்தால் வருமே, அது!

மேடம் வந்து, "என்னம்மா இது கூத்து?" என்றார். "ராட்சசி, மேடம்" என்றேன். உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் வினிகர் வந்த இடத்தில் சிரித்துவிட்டார். அப்புறம் அதிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்து மால்ட்டோஸில் விடச் சொன்னார். குட்டிக் குழாயில் காற்று இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. "பிரிச்சு எடுத்த மூணு பேரை வச்சே முழு மாவையும் திரும்ப உண்டாக்கியிருக்கே. நான் கேட்டதைவிட இது பெரிசு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாளைக்கு என்று தள்ளவே இல்லை, அங்கேயே நின்றபடி போட்டார்.

பார்சலில் இருப்பது யார் என்று உனக்கே தெரியும். பாதியை ஊட்டி வளர், மீதிப் பாதியைக் குளிர்பெட்டியில் வை. இனிமேல் ஒரே ஜாடியை நம்பி வாழாதே.

வாயாடி

ஏப்ரல் 20

என் தங்கத்துக்கு,

நலம், நலம், நலம். அண்ணி வாசிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள், இருந்தாலும் எழுதுகிறேன்: பார்சலைப் பிரிக்கும் முன் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கொண்டு வந்தவர் தபால்காரர். "என்னப்பா கசியுது?" என்று முகம் சுளித்தபடி நீட்டினார். மூடியைத் திறந்தேன். அவர் மூக்குக்கும் போய்ச் சேர்ந்தது. மற்றத் தபால்களை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு, "வந்துட்டாளா?" என்றார். எத்தனை பேருக்கு அன்று தபால் தாமதமோ தெரியாது.

மூன்று நாள் ஊட்டினேன். இன்று முதல் அடுப்பு. தட்டை வெளியே எடுத்து வைத்ததும் மேல்தோல் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. பாக்கெட் ஈஸ்ட் ரொட்டி ஒரு நாளும் அப்படிப் பேசியது இல்லை. முதல் ரொட்டி தபால்காரருக்கு. வாசலிலேயே பிய்த்து வாயில் போட்டார். மென்றுகொண்டே நடந்தார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னும் இரண்டு வாங்கினார்.

உன்னிடம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உனக்குத் திமிர் ஏறிவிடுமே என்ற பயமும் இருக்கிறது. ஏறட்டும், பரவாயில்லை. வைவாவில் தைரியமாகப் பேசு. உனக்கா சொல்லித் தர வேண்டும்?

மே முதல் வாரம் அம்மாவைப் பார்க்கப் போகிறேன், ஒரு ரொட்டியோடு. ஞாபகம் இருக்கட்டும், நீ அவளிடம் மூச்சு விடக்கூடாது.

அண்ணன்

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் படு நலம். வைவா முடிந்தது!

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். பக்கங்களைப் புரட்டி நேராக இரண்டாவது சாம்பிளுக்கு வந்தார். "இது தப்பான மாவுன்னு தெரிஞ்சும் ஏன் சேர்த்தீங்க? விட்டிருந்தா ப்ராஜெக்ட் அழகா இருந்திருக்குமே?"

"அது இருக்கறதுனாலதான் சார் ப்ராஜெக்ட் நிக்குது" என்றேன். "வேற ஈஸ்ட் வந்தா என் சோதனை அதைப் பிடிச்சுடும்னு அதுதான் காட்டுது. எனக்கு ரொம்ப வேண்டியவங்க கொடுத்தப்பவும் பிடிச்சுது."

"அசல் ஜாடி என்ன ஆச்சு?"

"வீட்டு விபத்து, சார்."

மேடம் இருமினார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எங்கே அந்த மாவு, பார்க்கலாமா என்றார். காட்டினேன். மோந்து பார்த்தார். அதற்கப்புறம் கேட்டதெல்லாம் ரொட்டி எங்கே கிடைக்கும் என்பதுதான். துறையிலேயே முதல் மதிப்பெண் என்று மேடம் காதில் சொன்னார். இன்னும் அறிவிக்கவில்லை, அதனால் நீ தபால்காரரிடம் மட்டும் சொல். ஊருக்கே தெரிந்துவிடும்.

தூங்குமூஞ்சிக்கு ஒரு பெட்டி பன் வாங்கிக் கொடுத்து என் பாவத்தைத் தீர்த்துவிட்டேன்.

வாயாடி

மே 7

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, அது என்னோடு வந்த சீதனம். நீ பரீட்சையில் முதலாவது என்று அண்ணன் சொன்னான். எனக்குத் தெரியும், நீ வாயிலேயே பாதி மார்க் வாங்கிவிடுவாய்.

அண்ணன் ரொட்டி கொண்டு வந்தான். சாப்பிட்டேன். பழைய ருசி வந்துவிட்டது. நடுவில் அனுப்பினானே, அதெல்லாம் பார்க்கத்தான் ரொட்டி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். ஜாடியைக் கழுவினது நான்தான். அன்றைக்கு அவன் ஆலையிலிருந்து வந்து ஜாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்கும்மா" என்றான். பிறந்ததிலிருந்து நான் கழுவின ஒரு பாத்திரத்தையாவது அவன் பாராட்டியிருக்கிறானா? ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் என்று அந்த நிமிஷமே தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. பிறகு அவன் கடைக்குள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் அவன் அனுப்பிய ரொட்டியில் ருசி செத்திருந்தபோதுதான் நான் கழுவிக் கொட்டியது எது என்று புரிந்தது. நான் கேட்டால் அவன் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தப் பொய்யையும் சேர்த்து அவன் தலையில் ஏற்றுவானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது வந்தபோது, பிள்ளை முகம் தெளிந்திருந்தது. நீதான் ஏதோ பண்ணியிருக்கிறாய் என்று தெரியும். எப்படி என்று கேட்க மாட்டேன், கேட்டாலும் எனக்குப் புரியாது. எனக்கும் ஒரு ஜாடி அனுப்பு. எப்படி ஊட்டுவது என்று எழுது. அவனிடம் இருப்பது என்றைக்காவது போனால், என்னிடம் ஒன்று இருக்கட்டும். என் கையால் போனது, என் கையாலேயே வளரட்டும்.

அண்ணனிடம் சொல்லிவிடாதே.

அம்மா

மே 12

என் அம்மாவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை விடுதி மாடிப்படியிலேயே உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். உன்னையும் அண்ணனையும் என்ன செய்வது என்றே தெரியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன். இந்த வாயாடி வாயைக் கட்டுவது இதுவே முதல் தடவை, அதையும் என் பரீட்சையில் சேர்த்துக்கொள்.

ஜாடி வருகிறது. உள்ளே இருப்பவள் பெயர் ராட்சசி. தினமும் பாதியை எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கு மாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்துக் கலக்கு. எடுத்த பாதியில் ரொட்டி சுடலாம். மூடியை இறுக்காதே, அவளுக்கு மூச்சு வேண்டும். பொங்கி வழிந்தால் பயப்படாதே, அது சந்தோஷம். புளித்த நாற்றம் அடிக்கும், குப்பென்று அடிக்கும். அதுதான் அவள் நலமாக இருக்கிறாள் என்பதற்கு அடையாளம்.

ஒரு வாரத்தில் விடுதியைக் காலி செய்துகொண்டு நேரே உன்னிடம்தான் வருகிறேன். எனக்கு முதல் ரொட்டியை நீ சுட்டுத் தர வேண்டும்.

முட்டியைப் பார்த்துக்கொள்.

உன் மகள்

பி.கு.: ஜாடியின் நான்கு பக்கமும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் உன்னை எனக்குத் தெரியும், அதனால் இங்கேயும் எழுதுகிறேன். கழுவாதே, அம்மா.